பச்சையைக் கிள்ளுகிற வேலை

ரிசார்ட் வாசலில் போன மாதம் ஒரு மரம் வைத்திருக்கிறார்கள். இலை இருக்கிறது, பூவும் இருக்கிறது, இரண்டும் வருஷம் முழுக்கச் சேர்ந்தே இருக்குமாம். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, பூச்சி வராது. எங்கள் முதலாளி இத்தனை காலம் கேட்டது இப்படி ஒரு மரத்தைத்தான். கடைசியில் கிடைத்துவிட்டது. பிளாஸ்டிக் என்பது மட்டும்தான் குறை, அதுவும் கிட்டத்தில் போய்த் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு.

இப்போது அதன்மேல் தூசி படிகிறது. துடைப்பது யார் வேலை? அறை சுத்தம் செய்கிறவர்கள், "மரம்னா தோட்டக்காரங்க வேல" என்கிறார்கள். தோட்டக்காரர்கள், "பிளாஸ்டிக்னா ஒங்க வேல" என்கிறார்கள். பஞ்சாயத்து முற்றிப்போய் எனக்கு போன் வந்தது. "பேச்சியக்கா, அந்த எடத்துல முன்னால நின்ன மரத்த நீங்கதானே பாத்தீங்க? எப்படிப் பாத்தீங்கன்னு ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, எங்களுக்கு ஒரு வழி பொறக்கட்டும்" என்றார்கள். ஓய்வு பெற்று, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்கிறவளிடம் பிளாஸ்டிக் மரத்துக்கு வழி கேட்கிறார்கள். சரி, எழுதுகிறேன். வழி பிறக்குமா என்று தெரியாது. நாலு பேருக்குக் கோபம் நிச்சயமாகப் பிறக்கும்.

நான் பேச்சியம்மாள். சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி எத்தனை தலைமுறை ஆயிற்று என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது. பள்ளிக்கூடம் முடித்தேன், கொழுந்து எடுத்தேன், நாற்றங்காலில் பை நிரப்பினேன், கவாத்துக் கத்தி பிடித்தேன். துரைமார் திட்டியதும் அட்டைகள் கடித்ததும் தவிர அந்த வருஷங்களில் எழுத ஒன்றுமில்லை. மலைக்குக் கீழே ஏலக்காடு தொடங்குகிற இடத்தில் ரிசார்ட் கட்டினார்கள். தோட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். வாயும் வேலையும் சேர்ந்து ஓடியதால் சீக்கிரமே தோட்டத்துக்குத் தலைவியானேன். எதனால் பதவி வந்தது, வாயாலா வேலையாலா என்பது இன்னும் தீராத வழக்கு.

எங்கள் முதலாளி மலையாளி. ஒருமுறை தாய்லாந்து போய்வந்தார். போனவர் சும்மா வரவில்லை. அங்கே ஏதோ ஹோட்டல் வாசலில் பார்த்த மரத்துக்கு ஆசைப்பட்டு, அதே ஜாதியில் ஒன்றை வரவழைத்தார். லாரியில் வந்தது மரம். அதைப் பிடித்துக்கொண்டு வர ஓர் ஆள், அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். சாக்கை அவிழ்த்தோம். மும்மூன்றாய்ச் சேர்ந்த அகல இலை. பச்சை இலையில் நரம்பை ஒட்டி, தூரிகையால் இழுத்த மாதிரி மஞ்சள் பட்டைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். வாயில் நுழையாத பெயரைப் பலகையில் எழுதிப் பக்கத்தில் நட்டார்கள்.

அறைகளைச் சுத்தம் செய்கிற முத்துலட்சுமி, எனக்கு ஒரு வகையில் நாத்தனார் முறை, துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தாள். "மதினி, இது நம்ம கல்யாண முருங்கைல்லா? இதுக்கு யாரு மஞ்சப் பூசிவிட்டது?"

அவள் சொன்னது சரிதான். எங்கள் பக்கம் வேலிக்கு நடுகிற, மிளகுக்கொடி படர விடுகிற, சளி பிடித்தால் இலையைப் பறித்து அடை தட்டுகிற அதே முள் முருங்கைதான். கல்யாண வீட்டில் பந்தக்காலோடு சேர்த்து நடுவதும் இந்தக் கிளையைத்தான். சில வருஷங்களுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவி வந்து, இலையெல்லாம் கொப்புளம் கொப்புளமாக வீங்கி, மலையில் இருந்த முருங்கை முக்கால்வாசி பட்டுப்போயிற்று. அப்போது எந்த முதலாளியும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதே மரம் மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்ததும் பலகை என்ன, காவல் என்ன!

நானும் யோக்கியம் இல்லை. தேயிலையில் வளர்ந்த கண் எங்களுக்கு. மஞ்சள் இலையைக் கண்டால் செடிக்குப் பசி என்றுதான் புத்தி சொல்லும். மருந்து கலக்கித் தெளித்தேன். மறு வாரமும் மஞ்சள் போகவில்லை. கூட்டிக் கலக்கித் தெளித்தேன். அப்போதுதான் மேனேஜர் சுந்தரராமன் சார் பின்னால் வந்து நின்றார்.

"பேச்சியம்மா, நன்னா இருக்கறதை எதுக்கு சொஸ்தப்படுத்தறேள்?"

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். மழை பெய்தாலும் குடை, வெயில் அடித்தாலும் குடை, ஒன்றும் இல்லாவிட்டாலும் குடை. எதையும் கையால் தொட மாட்டார், குடை நுனியால்தான் தொடுவார். இலை, தொட்டி, எலிப்பொறி, எல்லாவற்றையும். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவருக்கு மரியாதை ஏறும். "பேச்சி" என்று கூப்பிட்டால் நான் நிம்மதியாக இருக்கலாம். "பேச்சியம்மா" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "பேச்சியம்மா அவாள்" என்றால் மூட்டை கட்டத் தயாராக வேண்டியதுதான். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "சரியா வருமோ?" என்பார், அவ்வளவுதான். புது ஆட்கள் அதைக் கேள்வி என்று நினைத்து, "வரும் சார்" என்று பதில் சொல்லி மாட்டிக்கொள்வார்கள்.

முதல் டிசம்பரில் மரம் இலையைக் கொட்டத் தொடங்கியது. முருங்கைக்கு அதுதான் வழக்கம். இலையைக் கொட்டி மொட்டையாக நின்று, பிறகுதான் கிளை நுனியில் செக்கச்செவேல் என்று பூக்கும். ஆனால் டிசம்பர்தானே ரிசார்ட்டுக்கு அறுவடைக் காலம்? முதலாளி போனில் சார் காதைத் துளைத்திருக்கிறார். சார் குடையோடு வந்தார்.

"பேச்சியம்மா, இலை எத்தனாம் தேதி திரும்பி வரும்?"

"பூ முடிஞ்சதும் வரும் சார்."

"பூ எப்போ வரும்?"

"எல முழுக்கக் கொட்டினதும் வரும்."

"ரெண்டும் சேர்ந்து வராதோ? முதலாளி கேக்கறார்."

"மரம் கேக்க மாட்டேங்குதே சார்."

குடை நுனியால் தரையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பிளாஸ்டிக்கில் பதில் வந்திருக்கிறது.

இந்த மரத்தில் உண்மையான வேலை இலையும் இல்லை, பூவும் இல்லை. பச்சையைக் கிள்ளுவதுதான் வேலை. மஞ்சள் பட்டை மரத்துக்குப் பூர்வ புத்தி போகாது. திடீரென்று ஒரு கணுவில் முழுப் பச்சைத் துளிர் விடும். பச்சைக்கு வேகம் அதிகம். ஒரு மழைக்காலம் கண்டுகொள்ளாமல் விட்டால் அதுவே தலைக்கிளையாகி, மஞ்சளை எல்லாம் அமுக்கிவிடும். அதனால் வாரம் தவறாமல் மரத்தைச் சுற்றி வர வேண்டும். துளிர் இளசாக இருக்கும்போதே கட்டை விரல் நகத்தால் அடியோடு கிள்ள வேண்டும். பாதி கிள்ளினால் ஒன்று இரண்டாகக் கிளைக்கும். முற்றிவிட்டால் கத்தரியை நெருப்பில் காட்டி, அது புறப்பட்ட இடத்தோடு ஒட்ட வெட்டி, வெட்டுவாயில் மருந்துப் பசை தடவ வேண்டும். யூரியாவைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது, வாரிப் போட்டால் பச்சைதான் பாயும். குளவிக் கொப்புளம் கண்ட நுனியை நறுக்கி அங்கேயே கொளுத்த வேண்டும். முள் வேறு. என் கட்டை விரல் அந்தக் காலத்தில் சல்லடையாகத்தான் இருந்தது. இப்படித்தான் அந்த மரம் ஆளைவிட உயரமாகி, அகலமாகி, வருகிறவர்கள் எல்லாரும் முன்னால் நின்று படம் எடுக்கிற மரமாயிற்று.

பிறகு ஒரு வருஷம் மழை கொட்டிச் சாலை எல்லாம் சரிந்தது. அறைகள் காலியாகக் கிடந்தன. காரணம் கேட்க முதலாளி வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் திசைமானியோடு மூன்று சுற்று சுற்றிவிட்டு எங்கள் மரத்தின் முன்னால் நின்றார். சரிந்த சாலை அவர் கண்ணில் படவில்லை. மரம் பட்டது. "வாசலில் வெளுத்த மரம் நின்றால் வியாபாரமும் வெளுத்துப்போகும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அந்தச் சரிந்த சாலை வழியாகத்தான் போனார்.

முதலாளிக்கு மரத்தை இழக்கவும் மனமில்லை, வாஸ்துவை மீறவும் தைரியமில்லை. அன்றைக்கென்று நான் கிள்ளாமல் விட்டிருந்த ஒரு பச்சைக் கொம்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. "ஈ பச்சக் கொம்பு நல்லா வளருண்டல்லோ! இது நிக்கட்டும். வெளுத்தது எல்லாம் வெட்டிக் களையணும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சார் முந்திக்கொண்டார். "பேச்சியம்மா அவாள், முதலாளி சொன்னது காதுல விழுந்துதோ?"

மூட்டை கட்ட எனக்கு அப்போது வசதிப்படவில்லை. வெட்டினேன். நானே கிள்ளிக் கிள்ளி வளர்த்த மஞ்சளை நானே ஒவ்வொரு கிளையாக இறக்கினேன். அழுகை வந்தது, பழியை முள்ளின் மேல் போட்டேன்.

அந்த வாரம்தான் முத்துலட்சுமி மகள் செல்விக்குக் கல்யாணம். மூணாறுக்கு ஜீப் ஓட்ட வந்த, பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டுப் பையன் பிரகாஷ், இவளைப் பார்த்துப் பிடித்து, வீட்டில் சண்டை போட்டு முடித்த கல்யாணம். அவர்கள் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். "போயும் போயும் எஸ்டேட்டுப் புள்ளையா?" என்று அவர்கள் சொந்தக்காரர்கள் முனகியது மலை ஏறி எங்கள் காது வரைக்கும் வந்திருந்தது. பந்தக்காலுக்கு முருங்கைக் கிளை தேடி முத்துலட்சுமி காடு மேடெல்லாம் அலைந்தாள். குளவி விட்டுவைத்தால்தானே கிடைக்கும்? நான் வெட்டிப் போட்ட குவியலில் நல்ல நேரான கிளையாக ஒன்றைப் பார்த்து எடுத்து, "இந்தா, நடு" என்று கொடுத்தேன். குப்பைக்குப் போவது கல்யாணத்துக்குப் போகட்டுமே.

கல்யாணம் முடிந்ததும் வழக்கப்படி அந்தக் கிளையை, ரிசார்ட் ஆட்கள் குடியிருக்கிற குவார்ட்டர்ஸில் முத்துலட்சுமி வீட்டு வாசலோரம் ஊன்றினார்கள். அது துளிர்த்தால் பெண் போன இடத்தில் தழைப்பாள் என்பது கணக்கு. துளிர்த்தது. அங்கேதான் வந்தது வினை.

ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டில் விட வந்தார்கள் கொல்லங்கோட்டுக்காரர்கள். மாமியார் தங்கமணி, கூடவே ஒரு வேன் நிறைய சொந்தபந்தம். இறங்கியதும் மரத்தைப் பார்த்தாள் அவர்களில் மூத்த ஒருத்தி. "ஏனுங்க, எல இப்படி வெளுத்துக் கெடக்குதுங்க? கல்யாணக் காலே சோகை புடிச்சாப்புல மொளைச்சிருக்குது. வந்த புள்ள லச்சணம் இதுலயே தெரியலீங்களா?"

தங்கமணி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செல்வி அம்மா பின்னால் ஒதுங்கினாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! வாஸ்துக்காரருக்கு மட்டும்தான் கதை விடத் தெரியுமா?

"நல்லாப் பாருங்கம்மா" என்று முன்னால் போனேன். "வெளுப்பா இது? நரம்பு நரம்பா மஞ்சக் கயிறு ஓடுதுல்லா? தாலிச்சரடு போட்டுக்கிட்டே மொளைக்கிற காலு இது. நூத்துல ஒரு கல்யாணத்துக்குத்தான் இப்படி அமையும். ஒங்க வீட்டுப் பையன் ஆயுசு கெட்டி."

நானே எதிர்பார்க்கவில்லை. தங்கமணி சட்டென்று முன்னால் வந்து, ஓர் இலையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "ஆமாங்க, மஞ்சக் கயிறேதானுங்க!" என்றாள். அவ்வளவுதான், மூத்தவளும் வந்து ஒற்றிக்கொண்டாள். வேன் மொத்தமும் வரிசையில் வந்து ஒற்றிக்கொண்டது. வாசலில் வியாபாரத்தைக் கெடுத்த இலை, குவார்ட்டர்ஸில் சுமங்கலி ஆகிவிட்டது. இப்படியும் நம்புவார்களா என்று நான் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சிரித்தேன்.

சிரித்தது பாதி நாள்தான். அப்புறம்தான் உறைத்தது: மஞ்சள் கோடு தாலி என்றால், பச்சைத் துளிர் வந்தால் என்ன அர்த்தம்? அந்த மூத்தவள் சும்மா இருப்பாளா? அன்றிலிருந்து ரிசார்ட் மரத்தில் விட்ட வேலையைக் குவார்ட்டர்ஸ் மரத்தில் தொடங்கினேன். தங்கமணி வேறு வாரத்துக்கொரு முறை செல்வியிடம், "அம்மிணி, கல்யாணக் கால் எப்படி இருக்குது? போன்ல படம் போடச் சொல்லு" என்பாளாம். முத்துலட்சுமி படம் எடுக்கும் முன் நான் போய்க் கிள்ளிவிட வேண்டும். என் பொய்க்கு நானே சம்பளமில்லாத வேலைக்காரி.

இதற்கிடையில் வாசல் மரம் முழுப் பச்சையாகி, பெருத்து, வேலி மரமாகவே நின்றது. சாலையைச் சரிசெய்தார்கள், கூட்டம் வந்தது. வாஸ்து பலித்துவிட்டது என்று முதலாளிக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு கோட்டயம் பக்கத்து நண்பர் ஒருவரைக் கூட்டி வந்து மரத்தைக் காட்டினார். நண்பர் அண்ணாந்து பார்த்தார். முள் முருங்கைக்கு அவர்கள் பாஷையில் முருக்கு என்று பேர். "இது நம்முடெ முருக்கல்லே? குருமிளகு படர விடுற முருக்கு! இதினு தாய்லாண்ட் வரெ போகணுமோ?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளியும் சிரித்தார். அவர் காது இரண்டும் முருங்கைப் பூ நிறத்துக்கு வந்துவிட்டன.

மறுநாளே உத்தரவு: மஞ்சள் திரும்பி வர வேண்டும். வராது என்றேன். எங்கேயாவது கிடைக்குமா என்று தேடினார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் அச்சு அசல் ஒன்று நிற்பதை யாரோ புண்ணியவான் சொல்லிவிட்டான். தோண்டி எடுத்து வாசலில் வையுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சாரிடம் ஓடினேன். "சார், அது செல்வியோட கல்யாணக் காலு. அதப் பிடுங்கலாமா?"

"எனக்குத் தெரியறது. முதலாளிக்கு அது வெறும் செடியாக்கும். இடமும் கம்பெனியோடது, கிளையும் கம்பெனியோடது."

"குப்பையில போடச் சொன்னப்போ யாரோடது சார்?"

குடையை விரித்து, மறுபடி மடக்கினார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்: "பேச்சியம்மா அவாள், நாளைக்குக் காலம்பற ஆள் வரும்."

நாளைக்குத்தான் செல்விக்கு வளைகாப்பு. எந்த வீட்டில் வைப்பது என்று ஆளுக்கொரு வழக்கம் பேசி, கடைசியில் பெண் வீட்டிலேயே என்று கொல்லங்கோட்டார் இறங்கி வந்திருந்தார்கள். அவர்களுக்கு மூணாறு பார்க்கிற ஆசை, அதை வழக்கத்தின் மேல் போட்டுவிட்டார்கள். முதல் நாளே வந்துவிட்ட செல்வி நான் சொன்னதைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்த, அந்த வீட்டுல எனக்கு இப்பத்தான் மூச்சு விட எடம் கெடச்சிருக்கு. எதுக்கெடுத்தாலும் அந்த மரத்தச் சொல்லித்தான் மாமியா என்னயத் தாங்குதாக. நாளைக்கு அவ்வளவு பேரு முன்னால மரம் போச்சுன்னா, நான் திரும்பி அங்க எப்படிப் போவேன்?" என்றாள். ஏழு மாத வயிறு. அந்தப் பொய் என்னுடையது, கிளையும் நான் கொடுத்தது. இந்தப் பிள்ளை அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருக்கிறது. சாரையும் முதலாளியையும் வாஸ்துக்காரரையும் மனசுக்குள் வைத வசவை இங்கே எழுத முடியாது.

காலையில் வேன் வந்தது. சொந்தங்கள் இறங்கி மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பொட்டு வைத்து, சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, குடையோடு சார் வந்தார். பின்னால் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு ஆட்கள். செல்வி என்னைப் பார்த்தாள். நான் முன்னால் அடி எடுத்து வைப்பதற்குள் தங்கமணி போய்விட்டாள்.

"வாங்க, வாங்க! மேனேசருங்களா? உங்க தோட்டத்துக் காலுதானுங்களாமா இது. இத்தன பெரிய மனுசரு எங்க விசேசத்துக்கு வருவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க. இங்க பாருங்க, நரம்பு நரம்பா மஞ்சக் கயிறு. எங்க மருமவ வந்த நேரம் அப்படிங்க."

சார் குடை நுனியை மரத்தை நோக்கி நீட்டினார். பாதியிலேயே நிறுத்தினார். தண்டில் மஞ்சளும் குங்குமமும், மேலே ஒரு முழம் பூ. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த மூத்தவளுக்குக் கண் கூர்மை. "ஏனுங்க, அந்தக் கடப்பாரை எதுக்குங்க?" என்றாள்.

எல்லாரும் கடப்பாரையைப் பார்த்தார்கள். சாரும் திரும்பி, அதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார்.

"பந்தல் போடத்தான்" என்றார். "கர்ப்பிணிப் பொண்ணு இருக்காளே, வெயில்ல உக்காத்தி வைக்கறது சரியா வருமோ?" பிறகு ஆட்களைப் பார்த்து, "என்ன நிக்கறேள்? அந்தப் பக்கம் குழி தோண்டுங்கோ. மரத்துலேர்ந்து நன்னாத் தள்ளி" என்றார்.

மரம் தோண்ட வந்தவர்கள் பந்தலுக்குக் குழி தோண்டினார்கள். சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சந்தனம் பூசிக்கொண்டார். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு என்று வகைக்கு இரண்டு தரம் வாங்கிக்கொண்டார். அவரை மாற்றியது குங்குமமா, கூட்டமா, புளிச்சோறா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. புளிச்சோறு பிற்பாடு வந்தது என்பதால் அதை மட்டும் கழித்துவிடலாம். கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"முதலாளிக்கு என்ன சார் சொல்லுவீங்க?"

"குளவி விழுந்த மரம், எடுத்தா தோட்டம் மொத்தம் பரவும்னு சொல்றேன். பந்தக்காலைப் பிடுங்கினவன்னு எங்க ஊர்ல பேர் கேக்க என்னால ஆகாது, பேச்சி."

பேச்சி என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முள்ளின் மேல் பழி போட அங்கே முள் ஒன்றும் பக்கத்தில் இல்லை.

வாசல் மரத்தை அந்த மாதமே வெட்டிவிட்டார்கள். நானும் ஓய்வு பெற்றேன், சாரும் மறு வருஷம் கல்பாத்திக்குப் போய்விட்டார். வாசல் ரொம்ப நாள் காலியாகக் கிடந்து, இப்போதுதான் உங்கள் பிளாஸ்டிக் வந்திருக்கிறது. துடைக்கிற பஞ்சாயத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: துடைக்கவே வேண்டாம். வெயிலில் அதுவும் வெளுக்கத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்படுகிறேன். வாஸ்துக்காரர் வந்து சொன்னால் முதலாளியே எடுத்துவிடுவார்.

என் அனுபவத்தில் பாக்கி ஒன்றுதான். செல்விக்குப் பெண் குழந்தை பிறந்த சமயம், முழங்கால் வைத்தியத்துக்காகத் தேனிப் பக்கம் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மழைக்காலம் வேறு. படுத்துக்கிடந்த இடத்தில் எனக்குக் கால் வலியைவிட அந்த மரத்தின் நினைப்புதான் பெரிய வலி. பச்சை பாய்ந்திருக்குமே, பிள்ளை பார்க்க வந்த சொந்தமெல்லாம் பார்த்திருக்குமே, எல்லாம் போயிற்றே என்று புலம்பிக்கொண்டே திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் குவார்ட்டர்ஸுக்குத்தான் போனேன்.

மரத்தில் ஒரு பச்சைத் துளிர் இல்லை. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கணுவிலும் நகத்தால் கிள்ளின தழும்பு, அடியோடு, சுத்தமாக.

திண்ணையில் உட்கார்ந்து பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள், பிள்ளை பார்க்க வந்து தங்கியிருந்த தங்கமணி. "என்னுங்கக்கா அப்படிப் பாக்கறீங்க? நீங்க ஊர்ல இல்லீன்னு நாந்தானுங்க கிள்ளிப்போட்டேன்" என்றாள்.

"நீங்களா? எதுக்குக் கிள்ளுனீங்க?"

"நீங்க எதுக்குக் கிள்ளுனீங்களோ அதுக்குத்தானுங்க." குழந்தை முகத்தில் உட்காரப்போன ஈயை விரட்டினாள். "எங்க தோட்டத்து வேலி பூராவும் இந்த மரந்தானுங்க. மரத்துல தாலி மொளைக்கும்னு நம்பறதுக்கு நான் என்ன கூமுட்டைங்களா?"

எனக்கு நாக்கு எழவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஆனது அன்றைக்குத்தான். "அப்போ அன்னைக்கு எலயக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்களே?"

"நான் ஒத்தாம இருந்தா எங்க ஒறம்பரைச் சனம் நம்புவாங்களா? எஸ்டேட்டுப் புள்ளைன்னு ஆளாளுக்கு வாயத் தொறந்துக்கிட்டு இருந்தாங்க. எம் பையன் ஆசப்பட்டுக் கட்டினவ, எம் மருமவ. எதச் சொல்லி அவிங்க வாய அடைக்கறதுன்னு தவிச்சுட்டு இருந்தேன். நீங்க வந்து ஒரு பொய்யக் குடுத்தீங்க, நான் புடிச்சுக்கிட்டேன்."

அந்தக் கடப்பாரை நாளிலும் எல்லாம் தெரிந்துதான் சாரை முந்திக்கொண்டு வரவேற்றாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, அவள் சிரித்த சிரிப்பிலேயே பதில் இருந்தது. அவளை நினைத்து நான் தனியாகச் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்து முகம் சுட்டது.

"அக்கா, அந்தக் கீழ்க் கணுவுல ஒண்ணு விட்டுப்போச்சுங்க. புள்ளய வெச்சுக்கிட்டுக் குனிய முடியல, நீங்க கிள்ளிப்போடுங்க" என்றாள்.

முழங்கால் கத்தக் கத்தக் குனிந்து கிள்ளினேன். அவள் குழந்தையோடு எழுந்து வந்து, அடியோடு வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.